பழைய மாடல் ரயில் இன்ஜின்: எது, எப்போது செய்தது, எவ்வளவு பெறும்?

பொம்மை ரயில் என்றதும் நம்மில் பலருக்கு சாவி கொடுத்தால் வட்டமாக ஓடும் தகர ரயில்தான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே மாடல் ரயில் என்பது பெரியவர்களின் பொழுதுபோக்கு. நிஜ இன்ஜினை அளவெடுத்து, ஆணி முதல் கைப்பிடி வரை சிறிதாக்கிச் செய்த மாடல்களை வாழ்நாள் முழுவதும் சேர்ப்பவர்கள் அங்கே ஏராளம்.

சேர்த்தவர் மறைந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பரணில் முப்பது, நாற்பது இன்ஜின்கள் இருக்கும். மனைவிக்கோ மகனுக்கோ அவற்றின் பெயர்கூடத் தெரியாது. "மொத்தத்துக்கும் இவ்வளவு தருகிறேன்" என்று ஒருவர் வந்து நிற்பார். அது நியாயமான விலையா, அடிமாட்டு விலையா? எப்படிக் கண்டுபிடிப்பது? இன்டர்நெட்டில் பழைய இன்ஜின் வாங்குபவருக்கும் இதே கேள்வி மறுபக்கத்திலிருந்து வருகிறது. "மிக அரிது" என்று போட்டிருக்கும் இன்ஜின் உண்மையிலேயே அரிதா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நிபுணர் தேவையில்லை. ஒரு பூதக்கண்ணாடி, ஒரு ஸ்கேல், ஒரு கம்ப்யூட்டர் போதும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் இது சரியாக எந்த மாடல் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகுதான் விலையைத் தேட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து ஏமாறுகிறார்கள். இக்கட்டுரையில் பிரிட்டிஷ் மாடல்களை உதாரணமாக வைத்து ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: அளவை அறியுங்கள்

முதலில் ஸ்கேலை எடுத்து, எதிரெதிர் சக்கரங்கள் தண்டவாளத்தில் எந்த அகலத்தில் உட்காரும் என்று அளந்து பாருங்கள். தண்டவாளத்துண்டு கையில் இருந்தால் இன்னும் எளிது. இரண்டு கம்பிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தால் போதும்.

* 16.5 மில்லிமீட்டர்: ஓஓ அல்லது எச்ஓ
* 9 மில்லிமீட்டர்: என்
* 12 மில்லிமீட்டர்: டிடி
* 32 மில்லிமீட்டர்: ஓ

முதல் வரியில் ஒரு குழப்பம் இருப்பதைக் கவனியுங்கள். ஓஓ, எச்ஓ இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடும். ஆனால் ஓஓ என்பது நிஜ இன்ஜினில் 76-ல் ஒரு பங்கு. எச்ஓ 87-ல் ஒரு பங்கு. பிரிட்டிஷ் மாடல்கள் பெரும்பாலும் ஓஓ. ஐரோப்பிய, அமெரிக்க மாடல்கள் பெரும்பாலும் எச்ஓ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எச்ஓ மாடல் சற்று மெலிந்து தெரியும். விற்பனை விளம்பரங்களில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். எனவே விளம்பரத்தை நம்பாமல் நீங்களே பாருங்கள்.

படி 2: பக்கவாட்டில் உள்ள எண்ணை நம்பாதீர்கள்

இன்ஜினின் பக்கவாட்டில் ஓர் எண் பெயின்ட் செய்யப்பட்டிருக்கும். புதிதாக வருபவர்கள் அதையே கூகுளில் டைப் செய்து தேடுகிறார்கள். அது நிஜ இன்ஜினின் எண். மாடலின் கேட்லாக் எண் அல்ல.

உதாரணத்துக்கு உலகப் புகழ் பெற்ற ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் இன்ஜினை எடுத்துக் கொள்வோம். 1923-ல் டான்காஸ்டரில் கட்டப்பட்ட இந்த இன்ஜினுக்கு முதலில் 1472 என்ற எண் இருந்தது. 1924-ல் 4472 ஆனது. பிறகு 103 ஆகி, ரயில்வே அரசுடைமை ஆனபின் 60103 ஆனது. மாடல் கம்பெனிகள் இதைத் திரும்பத் திரும்பச் செய்து விற்கின்றன. பலவும் பச்சை நிறம், பலவற்றிலும் 4472. ஆனால் ஐம்பது வருடத்துக்கு முந்தையதும், சில வருடங்களுக்கு முன் வந்ததும் விலையில் ஒன்றல்ல. 4472 என்று தேடினால் இரண்டும் கலந்தே வரும்.

ஆனாலும் இந்த எண் பயனற்றதும் அல்ல. மாடல் எந்தக் காலத்து நிறத்தில் இருக்கிறது என்று இது காட்டிவிடும். 60103 என்று இருந்தால் அரசு ரயில்வே காலத்து வேடம். தேடலை இப்படிச் சுருக்க உதவும். அதற்கு மேல் அதற்கு வேலையில்லை.

உங்களுக்குத் தேவை கேட்லாக் எண். அது அட்டைப் பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். ஹார்ன்பி என்றால் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும். பாக்மன் ஓஓ இன்ஜின் என்றால் 31 அல்லது 32 போன்ற எண், ஒரு கோடு, பிறகு மூன்று இலக்கங்கள் என்று இருக்கும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் விடாமல் குறித்துக் கொள்ளுங்கள். ஹார்ன்பி எண்ணின் கடைசியில் எக்ஸ் இருந்தால் டிஜிட்டல் டிகோடர் பொருத்தி விற்றது என்று பொருள். பாக்மனில் இதற்கே டிசி என்று போடுவார்கள். இதை சாதாரண டிசி மின்சாரம் என்று எண்ணி ஏமாறாதீர்கள். டிஎஸ் என்று இருந்தால் ஒலி எழுப்பும் டிகோடர் உள்ளது.

படி 3: கவிழ்த்துப் பாருங்கள்

அட்டைப் பெட்டியில் இருப்பது அந்த இன்ஜின்தான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பல வருடங்களில் பெட்டிகள் மாறிவிடுகின்றன. எனவே ஒரு மெத்தென்ற துணியை விரித்து, இன்ஜினை மெதுவாகக் கவிழ்த்து வையுங்கள். அடிப்பகுதியில் அச்சிட்டிருப்பதை செல்போன் கேமராவில் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பெனி பெயர், செய்த நாடு, சிலவற்றில் கேட்லாக் எண் எல்லாம் அங்கே இருக்கும்.

இங்கேதான் கொஞ்சம் சரித்திரம் தேவைப்படுகிறது. மாடல் இன்ஜின்கள் அச்சு வார்ப்பில் தயாராகின்றன. ஒரு கம்பெனி மூடினால் அதன் அச்சுகளை இன்னொரு கம்பெனி வாங்கும். அதே இன்ஜின் புதுப் பெயரில் வரும்.

ஹார்ன்பியின் கதையைப் பாருங்கள். ஃப்ராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ கம்பெனி லிவர்பூலில் 1920 முதல் ரயில் செய்தது. 1938-ல் ஹார்ன்பி டப்ளோ என்ற ஓஓ வரிசையைத் தொடங்கியது. 1964-ல் அதன் போட்டியாளரான ட்ரையாங் ரயில்களின் சொந்தக்காரர் லைன்ஸ் பிரதர்ஸ் மெக்கானோவை வாங்கியது. 1965 முதல் ட்ரையாங் ஹார்ன்பி என்ற பெயர். 1971-ல் லைன்ஸ் பிரதர்ஸ் திவாலானது. 1972 முதல் ஹார்ன்பி ரயில்வேஸ். 1990களின் பிற்பாதியில் தயாரிப்பு சீனாவுக்கு நகர்ந்தது.

ஆக, அடியில் ட்ரையாங் ஹார்ன்பி என்று இருந்தால் ஏறக்குறைய 1965-க்கும் 1972-க்கும் இடைப்பட்டது. சீனாவில் செய்தது என்று இருந்தால் 1990களின் நடுப்பகுதிக்கு முன்பு இருக்க முடியாது. ஒரே வரியில் வருடம் சுருங்கிவிட்டது!

ஏர்ஃபிக்ஸ் அச்சுகளின் பயணம் இன்னும் நீளம். 1980களின் தொடக்கத்தில் பாலிடாய், பிறகு டேபோல், 1996-ல் ஹார்ன்பி என்று கை மாறின. இத்தாலியின் லிமா கம்பெனியை 2004-ல் ஹார்ன்பி வாங்கியது. லிமாவின் சில டீசல் இன்ஜின்கள் பிறகு ஹார்ன்பியின் மலிவு வரிசையில் வந்தன. மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். அடியைப் பார்த்தால்தான் எது யாருடையது, எந்த மோட்டார் என்று தெரியும்.

குறிப்பு: இன்று செல்போனில் படத்தைக் காட்டினாலே பொருளின் பெயரைச் சொல்லும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் அது பெரும்பாலும் நிஜ இன்ஜினின் வகையைத்தான் சொல்லும். எந்தக் கம்பெனி, எந்தப் பதிப்பு என்று கேட்டால் தடுமாறும். முதல் குறிப்பாக மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்.

படி 4: ஒரு எண் மாறினால் விலை மாறும்

ஹார்ன்பி டப்ளோ தொடக்கத்தில் மூன்று கம்பித் தண்டவாளத்தில் ஓடியது. நடுக்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்க இன்ஜினின் அடியில் உரசு பட்டை இருக்கும். 1959-ல் இரண்டு கம்பி முறை வந்தது. வாங்குபவர்கள் புதிய முறைக்கு மாற, மூன்று கம்பி இன்ஜின்களின் தயாரிப்பு குறைந்தது.

இதன் விளைவை ஒரே வகை இன்ஜினில் பார்க்கலாம். டப்ளோவின் 2-6-4 டேங்க் இன்ஜின் 1954-ல் வந்தது. கேட்லாக் எண் இடிஎல் 18. பக்கவாட்டில் 80054. இது ஏராளமாக விற்றது. இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது. இரண்டு கம்பிக்கு வந்தது 2218, பக்கவாட்டில் 80033. கடைசிக் காலத்தில் மூன்று கம்பிக்கென்று வந்தது 3218, பக்கவாட்டில் 80059. இது குறைவாகவே விற்றது. எனவே தேடுபவர்கள் அதிகம், விலையும் அதிகம்.

மூன்றையும் மேஜையில் வைத்தால் தெரியாதவருக்கு ஒரே கறுப்பு இன்ஜின்தான். பழையது என்பதால் விலை வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றில் மூத்தது 80054. அதுதான் விலை குறைவு. எத்தனை செய்தார்கள், இன்று எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் மிஞ்சியிருக்கிறது: இந்த மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன.

இப்படி ஓர் எண்ணில் பணம் இருந்தால் அந்த எண்ணை மாற்றி எழுதவும் ஆள் இருப்பார்கள் அல்லவா? எனவே அரிய எண்ணைப் பார்த்ததும் பூதக்கண்ணாடியை எடுங்கள். விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எண்ணைச் சுற்றி மட்டும் பளபளப்பு வேறாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய எண்ணின் நிழல் தெரிகிறதா? இரண்டு பக்க எண்களும் ஒரே உயரத்தில், ஒரே எழுத்து வடிவில் உள்ளனவா? நம்பகமான ஏல நிறுவனங்கள் விற்ற அதே மாடலின் பெரிய படத்தை டவுன்லோட் செய்து, இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

படி 5: ஓடுகிறதா என்று சோதியுங்கள்

இரண்டு கம்பி டிசி இன்ஜினுக்கு மிக எளிய சோதனை ஒன்று உண்டு. 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் ஒயர் இணைத்து, இடப்பக்கச் சக்கரத்தில் ஒன்றும் வலப்பக்கச் சக்கரத்தில் மற்றொன்றும் தொட்டுப் பாருங்கள். மோட்டார் சுழல வேண்டும்.

சுழலவில்லை என்றால் உடனே "செத்த மோட்டார்" என்று முடிவு கட்டாதீர்கள். ஹார்ன்பியின் பல பழைய இன்ஜின்களில் மோட்டார், பின்னால் வரும் நிலக்கரி வண்டியான டெண்டரில் இருக்கும். ஒரு பக்க மின்சாரம் இன்ஜின் சக்கரத்திலிருந்தும், மறுபக்க மின்சாரம் டெண்டர் சக்கரத்திலிருந்தும் வரும். டெண்டரை மட்டும் தனியாகத் தொட்டால் ஓடாது. இரண்டையும் இணைத்துவிட்டு, ஒரு ஒயரை இன்ஜினிலும் மற்றதை டெண்டரிலும் தொட வேண்டும்.

பல வருடம் ஓடாத இன்ஜினில் எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். சக்கரத்தில் கறுப்பு படிந்திருக்கும். சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே பல இன்ஜின்கள் உயிர் பெறும். வலுக்கட்டாயமாகச் சக்கரத்தைத் திருப்பாதீர்கள். பிளாஸ்டிக் கியர் உடைந்துவிடும்.

எச்சரிக்கை: ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனியின் பழைய எச்ஓ ரயில்கள் ஏசி மின்சாரத்தில் ஓடுபவை. அந்த ட்ரான்ஸ்ஃபார்மரில் டிசி இன்ஜினை வைத்தால் மோட்டார் கருகிவிடும். அடியில் நீளமான உரசு பட்டை இருந்தால், கம்பெனி எது என்று தெரியும்வரை மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

சரி செய்யவே முடியாத குறை ஒன்று உண்டு. வார்ப்பு உலோகமான துத்தநாகக் கலவையில் காரீயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால், வருடங்கள் போகப் போக அது உள்ளிருந்தே உப்பி, விரிசல் விட்டு, பொடிப்பொடியாக உதிரும். 1930களின் பல மாடல்களில் இதைக் காணலாம். பிற்கால மாடல்களிலும் அங்கங்கே உண்டு. இன்ஜினை ஒரு கண்ணாடிப் பலகையில் வைத்துப் பாருங்கள். அடிச்சட்டம் வாழைப்பழம் போல் வளைந்திருந்தால், மயிரிழை விரிசல்கள் தெரிந்தால், அதன் விலை உதிரி பாகங்களின் விலைதான். வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

படி 6: உள்ளே டிகோடர் இருக்கிறதா?

நம் வாசகர்களுக்குப் பிடித்த இடம் இதுதான். 1990களின் நடுவிலிருந்து மாடல் ரயிலிலும் டிஜிட்டல் முறை பரவியது. இதை டிசிசி என்பார்கள். இன்ஜினுக்குள் டிகோடர் என்ற சிறிய சர்க்யூட் இருக்கும். தண்டவாளத்தின் வழியாக மின்சாரமும் கட்டளையும் சேர்ந்தே வரும். ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி முகவரி. அதனால் ஒரே தண்டவாளத்தில் பல இன்ஜின்களைத் தனித்தனியாக ஓட்டலாம்.

விளம்பரங்களில் மூன்று வார்த்தைகளைப் பார்ப்பீர்கள். "டிசிசி ரெடி" என்றால் டிகோடர் செருக இடம் மட்டும் இருக்கிறது, டிகோடர் இல்லை. "டிசிசி ஃபிட்டட்" என்றால் டிகோடர் இருக்கிறது. "டிசிசி சவுண்ட்" என்றால் ஒலியும் உண்டு. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும். ஒலி டிகோடர் தனியாகவே விலை உயர்ந்த பொருள்.

ஆனால் முந்தைய சொந்தக்காரர் டிகோடரைக் கழற்றியிருக்கலாம். வேறு ஒன்றைச் செருகியிருக்கலாம். அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. டிகோடரையே கேட்டுவிடலாம்!

டிகோடரின் நினைவகத்தில் சிவி எனப்படும் எண்ணிட்ட அறைகள் உள்ளன. நமக்கு வேண்டியவை இவை:

* சிவி 1: இன்ஜினின் முகவரி. கம்பெனியிலிருந்து வரும்போது 3 என்று இருக்கும்.
* சிவி 7: டிகோடரின் பதிப்பு எண்.
* சிவி 8: டிகோடர் செய்த கம்பெனியின் அடையாள எண். ஹார்ன்பி 48, லென்ஸ் 99, சிமோ 145, இஎஸ்யு 151.
* சிவி 29: அமைப்புகள். சாதாரண டிசி மின்சாரத்தில் ஓடுமா என்பதும் இதில்தான் உள்ளது.

இவற்றைப் படிக்க டிசிசி கன்ட்ரோலர் வேண்டும். அத்துடன் கம்ப்யூட்டரை இணைத்து, ஜேஎம்ஆர்ஐ என்ற சாஃப்ட்வேரைப் பயன்படுத்தலாம். இது இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதற்கு ஜாவா தேவை. கன்ட்ரோலர் இல்லாதவர்கள், எலக்ட்ரானிக்ஸ் ஆர்வம் இருந்தால், ஆர்டுயினோ மெகா போர்டு, மோட்டார் ஷீல்டு இரண்டையும் வாங்கி, டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரை ஏற்றி மலிவாக ஒன்றைத் தாங்களே செய்து கொள்ளலாம்.

செய்ய வேண்டியது இதுதான்:

1. கன்ட்ரோலரின் "புரோகிராமிங் ட்ராக்" முனையுடன் ஒரு தனித் தண்டவாளத் துண்டை இணைத்து, இன்ஜினை அதன்மேல் வையுங்கள்.
2. ஜேஎம்ஆர்ஐ-யில் உள்ள டிகோடர்ப்ரோவைத் திறந்து, "நியூ லோகோ" என்பதை கிளிக் செய்யுங்கள்.
3. கிடைக்கும் விண்டோவில் "ரீட் டைப் ஃப்ரம் டிகோடர்" என்ற பட்டனை அழுத்துங்கள்.
4. சிவி 8, சிவி 7 இரண்டையும் படித்துவிட்டு, பட்டியலில் பொருந்தும் டிகோடரைக் காட்டும்.

இதில் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. டிகோடர் நமக்கு எப்படிப் பதில் சொல்கிறது தெரியுமா? மோட்டாருக்கு ஒரு கணம் மின்சாரம் கொடுத்து, அந்தச் சிறு மின்துடிப்பைப் பதிலாக அனுப்புகிறது. எனவே சிவி சரியாகப் படித்தால் சக்கரம், ஒயர், டிகோடர், மோட்டார் இணைப்பு எல்லாமே தொடர்பில் உள்ளன என்று அர்த்தம். படிக்கவில்லை என்றால் முதலில் சக்கரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். சில ஒலி டிகோடர்களுக்கு புரோகிராமிங் ட்ராக்கின் குறைந்த மின்சாரம் போதாமல் போவதும் உண்டு.

டிகோடர் உள்ள இன்ஜின் 9 வோல்ட் பேட்டரியில் ஓடாவிட்டால் பயப்பட வேண்டாம். சிவி 29-ல் டிசி ஓட்டம் நிறுத்தப்பட்டிருக்கலாம். உதாரணத்துக்கு, அதன் மதிப்பு 6 என்றால் டிசியிலும் ஓடும். 2 என்றால் ஓடாது. நல்ல இன்ஜின்கள் பல "ஓடவில்லை" என்று பாதி விலைக்குப் போவதற்கு இந்த ஓர் எண்ணும் ஒரு காரணம்.

படி 7: கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு

இப்போது கம்பெனி, கேட்லாக் எண், காலம், நிலை, டிகோடர் எல்லாம் கையில் இருக்கின்றன. இனி விலையைத் தேடலாம்.

ஈபேயில் தேடினால் முதலில் வருவது விற்பவர் கேட்கும் விலை. ஒருவர் 300 பவுண்டு கேட்கலாம். இரண்டு வருடமாக யாரும் வாங்காமலும் இருக்கலாம். அது விலையே அல்ல, ஆசை. உங்களுக்கு வேண்டியது விற்ற விலை.

1. ஈபேயின் பிரிட்டன் தளத்தில் கம்பெனி பெயரையும் கேட்லாக் எண்ணையும் சேர்த்து டைப் செய்து தேடுங்கள்.
2. ஃபில்டர் பகுதியில் "சோல்ட் ஐட்டம்ஸ்" என்பதை டிக் செய்யுங்கள். ஏறக்குறைய கடந்த மூன்று மாதங்களில் விற்றவை மட்டும் வரும்.
3. ஒவ்வொன்றின் படத்தையும் திறந்து, உங்கள் இன்ஜின்தானா என்று பாருங்கள். வேறு பதிப்பு, கோச்சுகளோடு சேர்த்து விற்ற செட், வெறும் அட்டைப் பெட்டி ஆகியவற்றை நீக்குங்கள்.
4. விலையின்மேல் கோடு அடித்திருந்தால் பேரம் பேசிக் குறைத்து விற்றது என்று பொருள். உண்மையான தொகை தெரியாது. அதையும் விட்டுவிடுங்கள்.

அரிய மாடல்களுக்கு மூன்று மாதக் கணக்கு போதாது. பொம்மை ஏலத்துக்கென்றே உள்ள நிறுவனங்கள் பழைய ஏல முடிவுகளைத் தங்கள் வெப்சைட்டில் வைத்துள்ளன. அங்கே தேடுங்கள். ஏல விலையோடு வாங்குபவர் கமிஷனும் கொடுக்க வேண்டியிருக்கும். விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். எந்தத் தொகை எழுதியிருக்கிறது என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

இனி ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறங்கள். எக்செல், லிபர்ஆஃபீஸ் கால்க், எது இருந்தாலும் சரி. கேட்லாக் எண், நிலை, அட்டைப் பெட்டி உண்டா, டிகோடர் உண்டா, விற்ற தேதி, விலை என்று ஆறு காலம் போடுங்கள். உதாரணத்துக்கு நீங்கள் கண்ட ஏழு விற்பனைகள் 38, 42, 45, 46, 52, 55, 110 பவுண்டு என்று வைத்துக் கொள்வோம். இவற்றின் சராசரி 55-க்கும் சற்று அதிகம். ஆனால் ஏழில் ஒன்றுதான் 55-ஐத் தாண்டியிருக்கிறது! அந்த 110 சராசரியை இழுத்துவிட்டது. எனவே ஆவரேஜ் ஃபங்ஷனுக்குப் பதில் மீடியன் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். அது நடு விலையான 46-ஐத் தரும். அதுதான் எதிர்பார்க்கத்தக்க விலை. பிறகு அந்த 110 ஏன் வந்தது என்றும் பாருங்கள். ஒலி டிகோடர் இருந்ததா? வேறு பதிப்பா? பல சமயம் பாடம் அந்த ஒன்றில்தான் இருக்கும்.

படி 8: கூட்டலும் கழித்தலும்

நடு விலை கிடைத்ததும் உங்கள் இன்ஜினின் நிலைக்கேற்பக் கூட்டிக் கழியுங்கள்.

* சரியான அசல் அட்டைப் பெட்டி இருந்தால் கூடும். வேறு இன்ஜினின் பெட்டி என்றால் பெட்டி இல்லாதது போலத்தான்.
* பஃபர், கைப்பிடி, படி போன்ற சிறு பாகங்கள் உடைந்திருந்தால் குறையும். பெட்டியின் மூலை முடுக்கில் தேடுங்கள். உடைந்த துண்டு அங்கேயே கிடக்கலாம்.
* மறுபடி பெயின்ட் அடித்தது, எவ்வளவு அழகாக இருந்தாலும், சேகரிப்பவர் பார்வையில் பெரும்பாலும் குறைவுதான். ஆகவே பழைய இன்ஜினுக்கு நீங்கள் பெயின்ட் அடிக்காதீர்கள். பாலிஷும் போடாதீர்கள்.
* பழைய பெட்டியில் உள்ள ஸ்பாஞ்ச் இற்றுப்போய் இன்ஜினில் ஒட்டிக்கொள்ளும், பெயின்ட்டையும் கெடுக்கும். அப்படி இருந்தால் இன்ஜினை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். பெட்டியை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.
* "லிமிடெட் எடிஷன்" சான்றிதழை மட்டும் வைத்து விலை ஏற்றாதீர்கள். தேடுபவர் இல்லாவிட்டால் ஆயிரத்தில் ஒன்று என்பதும் வெறும் எண்தான்.
* அதே இன்ஜினைப் புதிய அச்சில், நுணுக்கமாக, டிகோடர் வசதியோடு யாராவது வெளியிட்டால் பழையதன் விலை இறங்கும். ஓட்டுவதற்காக வாங்குபவர்கள் புதியதற்குப் போய்விடுவார்கள்.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும்

மொத்தமாக வாங்க வரும் வியாபாரி, விற்ற விலையை அப்படியே உங்களுக்குத் தர முடியாது. அவர் சோதிக்க வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும், விற்கும்வரை வைத்திருக்க வேண்டும், கமிஷனும் கட்ட வேண்டும். குறைத்துக் கேட்பது மட்டுமே ஏமாற்று ஆகாது. ஆனால் எது எவ்வளவு பெறும் என்று தெரியாமல் தலையாட்டுவதுதான் ஆபத்து. நாற்பது இன்ஜின்களில் முப்பத்தைந்து சாதாரணமாக இருக்கலாம். மொத்த மதிப்பில் பெரும்பகுதி மிச்சம் ஐந்தில் இருக்கலாம். அந்த ஐந்தைப் பிரித்து ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றதை மொத்தமாகக் கொடுப்பது நல்ல வழி. லிஸ்ட் கையில் இருக்கும்போது, நேர்மையான வியாபாரியே அந்த லிஸ்ட்டை வைத்துப் பேசத் தொடங்குவார்.

வாங்குபவராக இருந்தால் பணம் அனுப்புமுன் ஐந்து படங்கள் கேளுங்கள்: அடிப்பகுதி, இரண்டு பக்கவாட்டு எண்கள், பெட்டி லேபிள், அடிச்சட்டத்தைப் பக்கத்திலிருந்து எடுத்தது. கூடவே இரு திசையிலும் மெதுவாக ஓடும் ஒரு சிறு வீடியோ. வேகமாக ஓடுவது பெரிய விஷயமல்ல. மெதுவாக, நிற்காமல் ஊர்வதுதான் நல்ல மோட்டாரின் அடையாளம். "சோதிக்கவில்லை" என்று எழுதியிருந்தால் "ஓடாது" என்றே கணக்கிட்டு விலை சொல்லுங்கள். தபால் செலவு, சுங்க வரி ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

உங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு வரி, ஒரு படம், வாங்கிய விலை, பொருத்திய டிகோடரின் விவரம் என்று எழுதி வையுங்கள். ஒரு பிரதியைப் பிரின்ட் எடுத்து அந்த அட்டைப் பெட்டிகளோடு வைத்துவிடுங்கள். சேர்த்தவருக்குத் தெரிந்தது அவரோடு போய்விடாமல் இருக்க, அந்த ஒரு தாள் போதும்.